இல்லாத உதிரப்போக்கு

அறுபதுகளில் செஞ்சி ஆஸ்பத்திரியில் எனக்கு ஹெல்த் விசிட்டர் என்று பதவி. ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. நான் நர்ஸ் இல்லை என்று முதல் வருடம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பிறகு நானே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்கு அம்மை குத்துவது, அதோடு ஒருவரும் வாயைத் திறந்து சொல்லாத அந்த நோய்க்காரர்களின் வீட்டுப் பெண்களைத் தேடிப் பிடித்து ஊசிக்கு அழைத்து வருவது, இவ்வளவும் என் தலையில்.

அந்த நோயை டாக்டர்கள் வி.டி. என்பார்கள். வயதானவர்கள் மேகம் என்பார்கள், வெட்டை என்பார்கள். ஆம்பிளைகள் தங்களுக்குள் பேசும்போது பொம்பளைச் சீக்கு. என்ன பெயர் பாருங்கள்! லோடு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகிறவன் எங்கேயோ வாங்கி வந்து வீட்டில் இருக்கிறவளுக்குக் கொடுப்பான், பெயர் மட்டும் பொம்பளை மேல். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வரும்.

இந்த விஷயத்தை எப்படிக் கேட்பது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். திரை போட்ட அறையில் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். பக்கத்தில் புருஷனோ மாமியாரோ நிற்கக் கூடாது. அவசரப்படக் கூடாது. நானும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் சித்தம் கலங்கிய ஒரு பெண் வந்துவிட்டால் இந்த ஒழுங்கெல்லாம் காற்றில் போய்விடும். அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, அவளைக் கூட்டி வந்தவரிடம்தான் எல்லோரும் பேசுவார்கள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, யாரையாவது அடிக்கிறாளா. அவளுக்கும் அடிவயிறு என்று ஒன்று இருக்கிறது, அவளிடமும் ஒருவன் வரலாம், வந்தவனிடமிருந்து அவளுக்கு நோய் தொற்றலாம் என்பது யாருக்கும் தோன்றாது. "அதுங்ககிட்ட இன்னாத்துக்கும்மா அந்தக் கேள்வியெல்லாம்?" என்று எங்கள் கம்பவுண்டர் ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் மோசமான ஆளில்லை. எல்லோரும் நினைத்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

பங்குனி மாதம். மலைப்பாறைகள் காலையிலேயே அனல் விடத் தொடங்கியிருந்தன. ஒரு அம்மாள் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல உயரம், கண்டாங்கியும் கனத்த குரலும். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். அவருடைய மகன் மல்லாட்டை மண்டி வைத்திருந்தான். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மூட்டைகளோடு அடிக்கடி லாரியில் மெட்ராஸ் போய் வருவான். மருமகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெண் குழந்தை பிறந்த பிறகு அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. காதில் யார் யாரோ பேசுகிறார்கள் என்றாள், கிணற்றில் இறங்கப் பார்த்தாள். மெட்ராஸில் மனநோய் ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்திருந்துவிட்டு, மாத்திரைகளைக் கொடுத்து மார்கழியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தெருவுக்கே தெரிந்த விஷயம் இது.

மாமியார் மருமகளைத் தொடாமல் தள்ளியே நடந்து வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இவளுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது நர்சம்மா. தை மாசம் உட்காந்தவ, இன்னும் தலைக்கு ஊத்திக்கல. தெனமும் வேலியில துணி காயுது. நானும் இன்னிக்கு நிக்கும் நாளைக்கு நிக்கும்னு பாத்துட்டேன். ஊட்டுல ஆசாரம்னு ஒண்ணு இருக்குதில்ல? நல்லது கெட்டதுக்கு ஒருத்தர வரச்சொல்ல முடியல."

அந்த வீட்டில் மாதவிலக்கு வந்தால் பெண்கள் தோட்டத்துப் பக்கம், மாட்டுக்கொட்டாயை ஒட்டிய சின்ன அறைக்குப் போய்விட வேண்டும். அதைத் தூரம் என்பார்கள். தூரமான பெண்ணை யாரும் தொடக் கூடாது. சோற்றைக் கொண்டு வந்து தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். அவள் துணியை அவளேதான் துவைத்து வேலியில் காயப்போட வேண்டும். பெற்ற குழந்தைகூட ஒட்டக் கூடாது. நாள் கழிந்து தலைக்குக் குளித்த பிறகுதான் உள்ளே வரலாம். இவள் உள்ளே வரவே இல்லை.

இரண்டு மாதம் விடாமல் ரத்தம் போனவள் எழுந்து நடந்து வருவாளா? கண் ரப்பையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், நன்றாகச் சிவப்பாக இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. மாமியாரை அப்புறப்படுத்தினால் ஒழிய ஒன்றும் நடக்காது.

"சீசா கொண்டாந்தீங்களாம்மா?" என்றேன். மருந்துத் தண்ணிக்கு அந்தக் காலத்தில் சீசா நாம்தான் கொண்டுபோக வேண்டும். அவர் கொண்டு வரவில்லை. "பஜார்ல ஒண்ணு வாங்கியாந்து கம்பவுண்டர்கிட்ட வரிசையில நில்லுங்க, நான் அதுக்குள்ள பாத்துடறேன்" என்று அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன்.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. துணி சுத்தமாக இருந்தது. ரவிக்கையில் மட்டும் பால் கசிந்த கறை. குழந்தைக்கோ நாலு வயது நெருங்குகிறது. நான் ஒன்றும் புரியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ரத்தம் வருதுன்னே சொல்லிடுங்கக்கா."

"ஏம்மா? இன்னா விஷயம், எங்கிட்ட சொல்லு."

"மலை மேல உக்காந்துகிட்டு எல்லாரும் என்னையே பேசறாங்க. ஒருத்தி பேரு சொல்லிக் கூப்புட்டுகிட்டே இருக்கறா. அவதான் போயிடு போயிடுன்றா." அதே மூச்சில், குரலைக்கூட மாற்றாமல், சொன்னாள்: "ஒண்ணுக்குப் போனா எரியுது, அடிவயித்துல குத்தி வாங்குது. அவரு மெட்ராஸ் போயிட்டு வந்து எங்கிட்ட வந்தாரே, அப்பலேர்ந்து எரியுது. வாணாம்னு சொன்னேன். நீ சொன்னா எவன் நம்புவான்னாரு. அதான் தூரத்துக்குப் போயிட்டேன். அங்க வரமாட்டாரு. வந்தா தீட்டு."

"அப்ப வேலியில துணி காயுதுன்னு உங்க மாமியா சொன்னாங்களே?"

"கிழிச்ச துணிய நனைச்சு நனைச்சுப் போடுவேன். கிட்ட வந்து யாரு பாக்கப் போறாங்க?"

அடி பெண்ணே! புருஷன் நுழைய முடியாத இடம் அந்த வீட்டிலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கண்டுபிடித்து, போய் உட்கார்ந்துகொண்டு, தினமும் துணியை நனைத்துக் காயப்போட்டு இரண்டு மாதம் காப்பாற்றி வைத்திருக்கிறாள். இவளைத்தான் ஒன்றும் தெரியாதவள் என்று ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

"கொழந்த?" என்று கேட்டேன்.

"வேலிக்கு அந்தாண்ட நின்னு பாக்கறா" என்றாள்.

மலை பேசுகிறது என்பது நோய். எரிகிறது என்பதுமா நோயின் பேச்சு? பேசியது ஒரே வாய்தான், ஆனால் எரிச்சலை ஸ்லைடு எடுத்துப் பார்த்துவிடலாமே. டாக்டரம்மாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்வோம், அதுவரை உதிரப்போக்குதான் என்று மாமியாரிடம் சொல்லிவைப்போம் என்று முடிவு செய்தேன். அப்போது திரை விலகியது.

எங்கள் டாக்டரம்மா மெட்ராஸில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். கெட்டிக்காரி, நல்ல மனசு, ஆனால் எப்போதும் அவசரம். வெளியே நாற்பது பேர் நின்றால் அவசரம் வராமல் என்ன செய்யும்? ஒரு பார்வை பார்த்தார், குனிந்து ஒரு நிமிடம் சோதித்தார், நிமிர்ந்து கணீர் என்று கேட்டார்:

"ரத்தமே இல்லையே? மாசம் நின்னு எவ்வளவு நாளாச்சு?"

திரை கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. மாமியார் சீசாவோடு அதற்குள் திரும்பி வந்து அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். சீசாவை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். ரவிக்கைக் கறையைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மருமகளைத் தொட்டார், தலைமுடியைப் பிடித்து.

"நின்னுபோச்சா? நின்னுபோனதை மறைக்கத்தான் வெளிய உக்காந்தியா? பாலு வேற கட்டியிருக்குது! யாருடி அவன்?"

நான் நடுவில் புகுந்து கையை விலக்கினேன். மருமகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மண்டிக்கு ஆள் போயிற்று, மகன் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை. தாய் எல்லோர் முன்பும் அவனைக் கேட்டார்: "நீ இவகிட்ட போனியா?"

"நான் தொட்டதே இல்ல" என்றான். "ஒதுங்கியே இருக்கணும்னு மெட்ராஸ் டாக்டர் சொல்லித்தான அனுப்பினாரு? நான் ஏன் போறேன்?"

அவ்வளவுதான், தாய் தீர்ப்பே எழுதிவிட்டார். அனந்தபுரத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட வேண்டியது, குழந்தை இங்கேயே இருக்கும், அதற்கு முன்னால் வயிற்றில் இருப்பதைக் கலைத்தாக வேண்டும். "அதுக்கு ஒருத்தி இருக்கறா, நாளைக்கே வரச்சொல்றேன்" என்றார். அந்த ஒருத்தியை எனக்கும் தெரியும். அவள் கைபட்டுச் சீழ் பிடித்து, ஜன்னி கண்டு வந்த பெண்களை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் திரும்பிப் போனவர்களில்லை.

டாக்டரம்மா அவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே மருமகளைக் கேட்டார். "பயப்படாம சொல்லும்மா, உங்கிட்ட யாராவது வந்தாங்களா? உடம்புல எங்கயாவது தொந்தரவு இருக்கா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு சுவரோடு பேசத் தொடங்கினாள். மலையில் இருக்கிறவளுக்குப் பதில் சொல்வதுபோல், "வரேன் வரேன்" என்று.

"பாத்தீங்களா டாக்டரம்மா?" என்றான் அவன். "இதுகிட்ட இன்னாத்தக் கேக்கறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டூலைத் தூக்கி அவன் மண்டையில் போட்டிருப்பேன். அடக்கிக்கொண்டு, "தம்பி, இந்தச் சீசாவுல மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது, வேற ஒண்ணு வாங்கியாங்க. அம்மாவையும் கூட்டிகிட்டுப் போயி ஒரு காப்பி வாங்கிக் குடுங்க, மயக்கமா நிக்கறாங்க பாருங்க" என்றேன். சீசாவில் ஒரு நாற்றமும் இல்லை. அவர்கள் போனார்கள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். "நான் சத்தமா கேட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு நிதானமாக, கையை மெதுவாக வைத்து, அவளிடம் சொல்லிச் சொல்லிச் சோதித்தார். கர்ப்பம் இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை அவிழ்த்துக் காட்டினாள்.

"இதுதான். இந்த மாத்திரை சாப்பிட்டா சில பேருக்கு மாசம் நின்னுடும். பாலும் சுரக்கும். மெட்ராஸ்ல நாலஞ்சு பேரைப் பாத்திருக்கேன், எல்லாரும் கர்ப்பம்னுதான் நினைப்பாங்க. நிறுத்தக் கூடாது, அளவைக் கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாம்."

ஸ்லைடு எடுத்தோம். சாயம் ஏற்றிப் பார்க்க மதியம் ஆயிற்று. அவள் சொன்னது நிஜம். வெட்டை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தாய், மகன் இரண்டு பேரையும் உட்கார வைத்து, கர்ப்பம் இல்லை, மாத்திரையால் வந்த வினை இது என்று டாக்டரம்மா விளக்கினார். நான் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், என்னால் மறக்கவே முடியாது. அதுவரை அவள் வயிற்றில் இருப்பது தன் பிள்ளை என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். தன் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேதான் 'தொட்டதே இல்லை' என்று எல்லோர் எதிரிலும் சொன்னான், அந்தக் கலைக்கிறவளை வரச்சொல்லித் தாய் பேசும்போது வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பைத்தியமான பெண்டாட்டியிடம் போனான் என்று நாலு பேர் சிரித்துவிடுவார்களே, அந்தப் பயம். சீ என்று இருந்தது எனக்கு.

டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு நோயைச் சொன்னார். நீங்களும் சோதித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியில எவன்கிட்ட வாங்கியாந்தாளோ, எனக்கு இன்னாத்துக்கு ஊசி?" என்று கேட்டுவிட்டு, மண்டியில் ஆள் இல்லை என்று போயே விட்டான்.

"பெனிசிலின் போட்டுடலாம், குணமாயிடும்" என்றார் டாக்டரம்மா. "அப்புறம் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"எங்க அனுப்பறது டாக்டரம்மா? உள்ளயா, தூரத்துக்கா? ரத்தம் இல்லன்னு நாமே சொல்லிட்டோம். இனிமே அவ அங்க உக்கார முடியாது. உள்ள போனா அவன் வருவான். மறுபடியும் இதே நோயோட பங்குனிக்குப் பங்குனி இங்க வந்து நிப்பா."

"அது அவ புருஷன் வீடு. நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க?" என்றார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். என்னாலும் என்ன பண்ண முடிந்திருக்கும்? கட்டிய புருஷன் வருகிறான் என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்வது? அண்ணன் வீட்டுக்கு அனுப்பினால் குழந்தை இங்கே நின்றுவிடும். அந்த அண்ணனும் அவளை ஒருநாள்கூட வைத்துக்கொள்ளமாட்டேன் என்று முன்பே சொன்னவன். வார்டில் எத்தனை நாள் படுக்கப் போடுவது? அவள் தானாகத் தேடிப் பிடித்த ஓர் இடத்தை நாங்கள் உண்மையைச் சொல்லிப் பறித்துவிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் குழாயடியில் வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தார். விறுவிறு என்று போனேன். யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

"உங்க மருமவ ஒரு தப்பும் பண்ணல. சீக்கு உங்க புள்ளைக்குத்தான். அவருதான் கொண்டாந்து இவளுக்குக் குடுத்தாரு. தொட்டதே இல்லன்னு சொன்னாரே, அது பச்சைப் பொய். அவரு வரக் கூடாதுன்னுதான் இவ ரத்தம் வருதுன்னு சொல்லிட்டு வெளிய உக்காந்தா. இப்ப நீங்க உள்ள கூப்புட்டீங்கன்னா, கூப்புட்டு அவர்கிட்ட குடுக்கறீங்கன்னு அர்த்தம்."

அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள் மெதுவாகத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னா சொன்னா?"

"ஆமா."

"அடிவயித்துல குத்தி வாங்குதுன்னு?"

"அதுவும்தான்."

குழாயில் யாரோ குடம் பிடித்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தார்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். "இவன் நைனா மண்டி பாத்த காலம். அவரும் லோடுக்குப் போவாரு. இவன் பொறந்ததுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தங்கல, ஒத்தப் புள்ளைக்காரி ஒத்தப் புள்ளைக்காரின்னு ஊரே பேசுச்சு. இன்னா ஏதுன்னு யாரும் கேக்கல."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்றது?" என்றார். மருமகள் உட்கார்ந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். "அவளுக்குப் புத்தி கெட்டிருக்குது, வெளிய போயி உக்காந்துகிட்டா. எனக்குப் புத்தி நல்லா இருந்துச்சு. உள்ளயே படுத்திருந்தேன்."

அவர் பக்கத்திலேயே அந்தக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "ஊசிக்கு எப்ப எப்ப வரணும்? நானே கூட்டியாறேன்" என்றார்.

சாயங்காலம் மகன் வண்டியோடு வந்தான். தாய் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவனிடம் சொன்னார்: "டாக்டரம்மா அவசரத்துல பாத்துட்டாங்க. ரத்தம் நிக்கல. விட்டு விட்டு வருதாம். எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதாம். அவ தூரத்துலயே இருக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். "ஆமாம் தம்பி, அப்படித்தான்" என்றேன். அவன் வாயைத் திறக்கவில்லை. இல்லை, அவள் உள்ளே வரட்டும் என்று சொல்ல வேண்டுமானால், தொட்டதே இல்லாதவனுக்கு அவள் உள்ளே எதற்கு என்றும் சொல்ல வேண்டுமே.

பெனிசிலின் ஊசி முடியும்வரை மாமியார் தவறாமல் கூட்டி வந்தார், முன்போலவே இரண்டு முழம் தள்ளி நடந்து. மகன் ஊசி போட்டுக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது. திண்டிவனத்தில் யாரிடமோ போனதாகச் சொன்னார்கள். போனானோ, அதுவும் பொய்தானோ.

ஆடி மாதம் அம்மை குத்த அந்தத் தெருவுக்குப் போனேன். மகன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமியார் என்னைக் கண்டதும், "இன்னும் நிக்கல நர்சம்மா!" என்று உரக்கச் சொன்னார். "நாளாவும்மா, இதெல்லாம் நாளாவும்" என்று நானும் உரக்கச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குப் போனேன். மருமகள் அறைவாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சதை போட்டிருந்தாள், கண் தெளிந்திருந்தது. எரிச்சல் இல்லை என்றாள். மலையில் இருப்பவள் எப்போதாவதுதான் கூப்பிடுகிறாளாம், பழைய அதட்டல் இல்லையாம். மாத்திரையை மாமியாரே வேளை தவறாமல் கொண்டு வந்து கல்மேல் வைத்துவிட்டுப் போகிறாராம். ஆஸ்பத்திரிக் கணக்கில் பார்த்தால் இதைவிட நல்ல முடிவு வேறில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் குழந்தை நின்றுகொண்டிருந்தது. இரட்டைச் சடை, கையில் பாதி கடித்த வெல்லம். தாய் இருக்கும் பக்கம் ஓர் அடி வைத்தது, தானே அதை இழுத்துக்கொண்டது. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பிப் போய் மாமியாரிடம் மெதுவாகக் கேட்டேன்: "கொழந்தையையாவது விடக் கூடாதாம்மா?"

"கொழந்த போயி ஒட்டிச்சுன்னா, அப்பன் கேக்கமாட்டானா? அதுக்கில்லாத தீட்டு எனக்கு மட்டும் இன்னாத்துக்கும்பான்" என்றார். "தீட்டுன்னா எல்லாருக்கும்தான் இருக்கணும்." அவர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுபடி தோட்டத்துக்கு வந்தபோது குழந்தை என் சேலையைப் பிடித்து இழுத்தது. "நர்சம்மா, எங்கம்மாவுக்கு எப்ப நிக்கும்? நின்னா தூக்குவாங்களா?"

நான் அதன் கையில் அம்மை குத்துகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்டது என்னைத்தான், ஆனால் பதில் அறைவாசலிலிருந்து வந்தது.

"நிக்கவே கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கோடி கண்ணு."

குழந்தை வெல்லத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மலைப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அம்மா சொன்னபடியே வேண்டிக்கொண்டது.